கை நடுங்குகிறவள் லேபர் வார்டுக்கு வரலாமா?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறாள். பி.எஸ்சி. நர்சிங் முடித்து கவுன்சிலில் பதிவும் செய்துவிட்டாள். அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை, அம்மா கொழுந்து பறிக்கப் போகிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

"அக்கா, எனக்கு இரண்டு இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஒன்று கோயம்புத்தூரில் பெரிய தனியார் ஆஸ்பத்திரி, ஐசியூ. இன்னொன்று நம் நீலகிரியிலேயே பந்தலூர் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, லேபர் வார்டு, சம்பளம் ஏறக்குறைய பாதிதான். எனக்குப் பிடித்தது லேபர் வார்டு. ஆனால் கடைசி வருஷப் போஸ்டிங்கில் ஒரு அம்மாவுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. அதே வாரத்தில் இன்னொருவருக்கு ரத்தம் நிற்கவே இல்லை. சிஸ்டர் ஊசி எடு என்று கத்தினார், என் கை நடுங்கி மருந்து இருந்த கண்ணாடி ஆம்பியூல் கீழே விழுந்து உடைந்துவிட்டது. பாத்ரூமில் போய் அழுதேன். 'இதுக்கெல்லாம் அழுறவ இந்த வேலைக்கு ஆகமாட்டா' என்று அங்கே ஒருவர் சொன்னது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. அம்மாவோ, கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு அந்த வார்டு எதற்கு, ஐசியூ போனால் வெளிநாடு போகலாம் என்கிறார். நான் எங்கே போகட்டும்?"

தங்கச்சி, கை நடுக்கத்தை முதலில் பேசி முடித்துவிடுவோம். உன் மற்ற கேள்விகள் எல்லாம் அதற்குப் பின்னால்தான் நிற்கின்றன.

அன்றைக்கு நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் ஓடுகிறது. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்த பிறகு கருப்பை இறுகிச் சுருங்கினால்தான் அந்தக் குழாய்கள் மூடும். சுருங்காவிட்டால் விரிப்பு நனைந்து தரையில் சொட்டுவதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது, அதைத்தான் நீ பார்த்திருக்கிறாய். புத்தகத்தில் மட்டும் படித்துவிட்டு முதல் தடவை நேரில் பார்க்கிற யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். அந்த சிஸ்டருக்கு நடுங்காததற்குக் காரணம், அடுத்து என்ன என்பது அவர் கைக்கே பழகியிருந்தது. ஒரு கை வயிற்றில் போய்க் கருப்பையைத் தேய்க்கும், வாய் ஆளைக் கூப்பிடும், வருகிறவரிடம் பெரிய ஊசியாகப் போட்டு டிரிப் ஏற்று, கருப்பையைச் சுருங்க வைக்கிற ஆக்சிடோசின் சேர், யூரின் டியூப் போடு என்று சொல்லும், கண் நஞ்சு முழுசாக வந்திருக்கிறதா, எங்கேயாவது கிழிந்திருக்கிறதா என்று தேடும். ரத்தப்போக்கைக் குறைக்கிற டிரானெக்ஸாமிக் ஆசிட் ஒரு கிராம், பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும், தாமதமாகிற ஒவ்வொரு கால் மணியும் அதன் பலனைக் குறைக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். தேய்த்துக்கொண்டே இருக்கையில் தொளதொளவென்று இருந்த கருப்பை கைக்கடியில் கிரிக்கெட் பந்து மாதிரித் திரண்டு வருகிற அந்த நொடியை நீ உன் கையால் ஒரு தடவை உணர்ந்துவிட்டால் பாதி பயம் அங்கேயே போய்விடும். மீதிப் பாதி போகவும் கூடாது.

ஆம்பியூலைப் பற்றிச் சொல்கிறேன். டிஸ்டில்டு வாட்டர் ஆம்பியூல் கொஞ்சம் வாங்கிக்கொள், வீட்டில் உட்கார்ந்து உடைத்து சிரிஞ்சில் ஏற்றிப் பழகு. முதலில் மெதுவாக, அப்புறம் கடிகாரத்தை வைத்து, அப்புறம் யாராவது பக்கத்தில் நின்று சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது. சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியலாம், ஆனால் அவசரத்தில் கைகொடுப்பது இந்தச் சாதாரணப் பழக்கம்தான். எந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் முதல் நாள் டியூட்டியில் அவசர டிரேயை நீயே திறந்து பார். எந்தத் தட்டில் எது, ஆக்சிடோசின் ஃபிரிட்ஜில் எந்த அடுக்கில் (அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், கரண்ட் அடிக்கடி போகிற மலையில் அந்த ஃபிரிட்ஜ் மேல் ஒரு கண் இருக்கட்டும்), குழந்தைக்கு மூச்சு கொடுக்கிற ஆம்பு பேக்கில் மாஸ்க் சரியாக உட்காருகிறதா, சக்‌ஷன் ஓடுகிறதா. யாரும் சொல்லாமல் செய். ஒவ்வொரு ஷிப்டிலும் செய்.

அழுதது பற்றி. அந்த ஒருவர் சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அழாதவர்களிலும் நல்ல நர்ஸ் உண்டு, அழுகிறவர்களிலும் உண்டு. அழுதுவிட்டு முகம் கழுவி அந்த அம்மாவின் கட்டிலுக்குத் திரும்பப் போனாயா இல்லையா என்பதை மட்டும்தான் நான் கேட்பேன். நீ அதை எழுதவில்லை, ஆனால் இறந்து பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றிக் கொடுத்தது நீதான் என்று உன் கடிதத்தில் (நான் மேலே சுருக்கியதில் விட்டுப்போன) ஒரு வரி இருக்கிறதே, அது எனக்குப் போதும்.

அந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது என்று கல்லூரியில் அதிகம் சொல்லித் தருவதில்லை, அதனால் இங்கே சொல்கிறேன். 'அடுத்தது நல்லபடியா பிறக்கும்' என்று சொல்லாதே, அந்த அம்மாவுக்கு அப்போது அடுத்தது என்று ஒன்று இல்லை. 'விதி' என்றும் சொல்லாதே. குழந்தையைத் துடைத்து, சுத்தமான துணியில் சுற்றி, பார்க்கிறீர்களா என்று அம்மாவிடமே கேள், மாமியாரிடம் கேட்காதே. வேண்டாம் என்றால் கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை கேள். சிலர் முதலில் மறுத்துவிட்டுப் பிறகு கேட்பார்கள், அதற்குள் குழந்தையை எடுத்துப்போய்விட்டால் அந்தக் குறை அவர்களுக்கு ஆயுசுக்கும் இருக்கும். முடிந்தால் குழந்தைகள் அழும் சத்தம் கேட்காத கட்டிலாகப் பார்த்துப் போடு. மூன்றாம் நாள் பால் கட்டும், அதை முன்பே சொல்லிவை. வீட்டுக்குப் போய் மார்பு கனத்து வலிக்கும்போதுதான் பலர் உடைந்துபோகிறார்கள். இதையெல்லாம் செய்து முடித்துவிட்டு நீ அழு, ஒரு சீனியரிடம் உட்கார்ந்து பேசு. பேசாமல் அடக்கி வைத்தவர்கள்தான் பின்னால் நோயாளிகள்மேல் எரிந்துவிழுகிறவர்களாக ஆகிப்போனதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, எங்கே போவது?

மலையில் பிரசவம் பார்க்கிற நர்ஸுக்கு, பிரசவம் பார்க்கத் தெரிவதற்கும் முன்னால் ஒன்று தெரிய வேண்டும்: இந்த அம்மா இங்கேயே பெற்றுவிடுவாரா, இல்லை இப்போதே கீழே அனுப்ப வேண்டுமா. கோயம்புத்தூரில் குழந்தையின் துடிப்பு இறங்கினால் தியேட்டர் பக்கத்திலேயே இருக்கும். நம்மிடத்தில் சிசேரியன் செய்கிற டாக்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்தம், இந்த மூன்றும் ஒரே ராத்திரியில் ஒரே இடத்தில் கிடைப்பது எல்லா ஆஸ்பத்திரியிலும் நடக்காது. ஊட்டியில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது மலைக்குப் பெரிய பலம்தான், ஆனால் பந்தலூர் பக்கத்து எருமாட்டிலிருந்தோ அய்யன்கொல்லியிலிருந்தோ கூடலூர் வந்து, அங்கிருந்து நடுவட்டம் வழியாக ஏறி ஊட்டி போய்ச் சேருவதற்குள் என்ன ஆகும் என்பது அந்தப் பாதையில் மழை நாளில் போனவர்களுக்குத் தெரியும். அதனால்தான் பந்தலூர்க்காரர்கள் பலர் கேரளாவில் இருக்கிற சுல்தான் பத்தேரிக்கும் கோழிக்கோட்டுக்கும் போகிறார்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழை, கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்கு. 2009 நவம்பரில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்து, ரோடெல்லாம் துண்டானபோது நீ சின்னப் பிள்ளையாக இருந்திருப்பாய், வீட்டில் கேட்டால் சொல்வார்கள். ஆக, சமவெளி நர்ஸ் மணியைப் பார்த்தால் போதும், நாம் மணியோடு சேர்த்து மூடுபனியையும், மரம் விழுகிற காற்றையும், யானை நிற்கிற வளைவையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு சீனியர் அக்கா. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மஞ்சூருக்கும் அப்பாலிருந்து ஒரு அம்மா வந்தார், இரண்டாவது பிரசவம், வலி லேசாகத்தான் இருந்தது. காலையில் பிபி 136/86. மதியம் 146/94. 'தலை வலிக்குது, பனி ஒத்துக்கல' என்றார். மலையில் எல்லாத் தலைவலிக்கும் பனிதான் காரணம், நானும் தைலம் தேடப் போனேன். அக்கா அந்த அம்மாவின் கால் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார், குழி அப்படியே நின்றது. யூரின் பிடிக்கச் சொல்லி ஸ்டிரிப் நனைத்தார், புரதம் இரண்டு பிளஸ். முழங்காலில் தட்டினார், கால் வெடுக்கென்று தூக்கிப் போட்டது. கண் முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறதா என்று கேட்டார், ஆமாம் என்றார் அந்த அம்மா, அதையும் பனி என்றே நினைத்திருந்தார். டாக்டருக்குப் போன் போய், அவர் சொன்னபடி ஜன்னி வராமல் தடுக்கிற மக்னீசியம் சல்ஃபேட் நரம்பில் நான்கு கிராம் மெதுவாக, இரண்டு பக்க இடுப்பிலும் ஐந்து ஐந்து கிராம் போட்டு, நான்கு மணிக்கே வண்டியில் ஏற்றிவிட்டார்கள். கூட ஒரு நர்ஸும், அந்த மருந்து மிஞ்சினால் முறிக்கிற கால்சியம் குளுகோனேட்டும் போயின. அன்றைக்கு ஏழு மணிக்கு மேல் அந்த ரோட்டில் மரம் விழுந்து வண்டிகள் நின்றுவிட்டன. ஜன்னி வந்த பிறகு அனுப்பியிருந்தால் அவர் அந்த மரத்துக்கு இந்தப் பக்கம்தான் இருந்திருப்பார். தாயும் பிள்ளையும் நன்றாக வீட்டுக்குப் போனார்கள்.

இந்தக் கண் எங்கே வரும் என்பதுதான் நீ முடிவெடுக்க வேண்டிய விஷயம். நிறையப் பிரசவம் நடக்கிற இடத்தில், அனுபவப்பட்ட அக்காக்கள் பக்கத்தில் நின்றால்தான் வரும். நூற்றுக்கணக்கில் நல்லபடியாக முடிகிற பிரசவங்களைப் பார்த்தவளுக்குத்தான் ஒன்று லேசாகக் கோணலாகப் போகும்போது உள்ளுக்குள் சுருக்கென்று தைக்கும். அதனால் என் யோசனை, முதல் இரண்டு வருஷம் கூட்டமான லேபர் வார்டு, அப்புறம் மலை. நீ பிறந்த மலைக்கு நீ திரும்பி வர வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை, ஆனால் தயாராகாமல் வராதே.

உன் கையில் இருக்கிற இரண்டு வேலையும் அப்படியே பார்த்தால் இதற்குப் பொருந்தவில்லை. பந்தலூர் ஆஸ்பத்திரியில் போன் செய்து கேள்: மாதத்துக்கு எத்தனை பிரசவம், ராத்திரியில் லேபர் வார்டில் எத்தனை நர்ஸ், அதில் ஒருத்தராவது பல வருஷ அனுபவம் உள்ளவரா, டாக்டர் உள்ளேயே தங்குகிறாரா இல்லை கூப்பிட்டால் வருகிறாரா, வர எவ்வளவு நேரம், ரெஃபர் செய்தால் கூடப் போகிறது யார். ராத்திரி நீ ஒருத்திதான், டாக்டர் போனில் என்றால் போகாதே. சம்பளத்தை இரட்டிப்பாக்கினாலும் போகாதே. அங்கே நீ கற்றுக்கொள்ள மாட்டாய், தப்பிப் பிழைக்கத்தான் பார்ப்பாய், அந்த ஊர் அம்மாக்களுக்கும் அது நியாயமில்லை. ஒரு சீனியரோடு சேர்த்து டியூட்டி போடுவார்கள் என்றால் தாராளமாகப் போ, பாதிச் சம்பளத்தைப் பற்றி இரண்டு வருஷத்துக்குக் கவலைப்படாதே. பழங்குடி மக்களோடு வேலை செய்கிற நல்ல இடங்கள் அந்தப் பக்கம் உண்டு, கூடலூரில் 1990-ல் ஆரம்பித்த ஆதிவாசி மருத்துவமனை அந்தச் சமூகத்துப் பெண்களையே நர்ஸாகப் பயிற்சி கொடுத்து வளர்த்திருக்கிறது. சின்ன இடம் என்றாலே மட்டம் என்று நான் சொல்லவில்லை, தனியாக நிறுத்துகிற இடத்தைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கோயம்புத்தூர்க்காரர்களிடம், ஐசியூவுக்குப் பதில் லேபர் வார்டு தருவார்களா என்று நேராகக் கேட்டுவிடு. கேட்டால் வேலை போய்விடாது, நர்ஸ் பற்றாக்குறை அவர்களுக்கும் இருக்கிறது. தந்தால் மாதத்துக்கு எத்தனை சுகப்பிரசவம் என்றும் கேள். தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21 கணக்கில் தமிழ்நாட்டில் நூறு பிரசவத்துக்குச் சுமார் 45 சிசேரியன், தனியாரில் மட்டும் பார்த்தால் சுமார் 64. பளபளவென்று இருக்கிற ஒரு லேபர் வார்டில் வருஷம் முழுக்க நின்றும், அம்மாக்களைத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனதைத் தவிர வேறொன்றும் கற்காமல் போகலாம். கூட்டமான அரசு மருத்துவமனையில்தான் பிரசவம் பிரசவமாக நடக்கிறதைப் பார்ப்பாய். லேபர் வார்டு தரவே மாட்டோம் என்றால் ஐசியூ ஒரு வருஷம் வீணில்லை. மூச்சு, பிபி, மருந்து அளவு, மோசமாகிற நோயாளியை முன்கூட்டியே அடையாளம் காண்பது, எல்லாம் பின்னால் லேபர் வார்டில் உதவும். ஒரு வருஷத்துக்கு மேல் வேண்டாம், பிரசவம் பார்க்கிற கை விட்டுப்போகும்.

எம்ஆர்பி (அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் தேர்வு வாரியம்) ஸ்டாஃப் நர்ஸ் அறிவிப்பு வந்தால் எங்கே இருந்தாலும் விண்ணப்பம் போடு. ஆரம்பத்தில் தொகுப்பூதியம், நிரந்தரமாக வருஷக்கணக்கில் காத்திருந்து போராடியவர்கள் நம்மில் நிறையப் பேர், அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் மலையில் நிலைத்து நிற்க நினைப்பவளுக்கு அதுதான் உறுதியான வழி. அப்புறம், எந்த இடத்திலும் ஒரிஜினல் சான்றிதழைக் கொடுத்துவைக்காதே. சரிபார்க்கக் காட்டு, கையோடு வாங்கிக்கொள். என்னோடு படித்த ஒருத்தியின் சான்றிதழை ஒரு ஆஸ்பத்திரி வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குக்கூட வேலையை விட முடியாமல் இழுத்தடித்தார்கள்.

இனி வேலையைப் பற்றி இரண்டு விஷயம், மலைக்கு என்றே உள்ளது.

முதலாவது, சத்தம் போடாத அம்மாக்கள். பழங்குடிப் பணியர் சமூகத்து அம்மாக்கள் சிலர் வலியின் உச்சத்திலும் வாய் திறக்க மாட்டார்கள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பார்கள். புதிதாக வந்த பிள்ளைகள், இவங்களுக்கு இன்னும் வலியே வரல சிஸ்டர் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடும். நீ காலைப் பார். வலி வரும்போது கால் விரல்கள் உள்ளே மடங்கும், மேலுதட்டில் பொடிப்பொடியாக வியர்க்கும், மூச்சு ஒரு கணம் நின்று திரும்ப வரும். வயிற்றில் உள்ளங்கையை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிஷம் பேசாமல் உட்கார், எத்தனை வலி, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி என்று கை சொல்லிவிடும். கருப்பை வாய் ஐந்து செ.மீ. திறந்த பிறகுதான் பிரசவம் வேகம் பிடிக்கிற கட்டம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொன்னது, மணிக்கு ஒரு செ.மீ. திறக்கவில்லை என்பதற்காக மட்டும் அவசரப்பட வேண்டாம் என்றும் சொன்னது. ஆனால் அதற்கு ஈடாக நீ கூடவே இருந்து குழந்தையின் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், முதலில் அரை மணிக்கு ஒரு தடவையாவது, முக்கத் தொடங்கிய பிறகு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று குறிக்கிற பார்ட்டோகிராப் தாளை எல்லாம் முடிந்த பிறகு உட்கார்ந்து நிரப்புகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதை மட்டும் பழகிக்கொள்ளாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். அந்தத் தாள் நீ யோசிப்பதற்காக இருப்பது.

பணியர், குறும்பர், இருளர் மக்களிடையே சிக்கிள் செல் ரத்தசோகை (சிவப்பணு அரிவாள் மாதிரி வளைகிற பரம்பரை நோய்) உண்டு என்பது உனக்குத் தெரிந்திருக்கும். குளிர், தண்ணீர் குறைவது, காய்ச்சல் எல்லாம் அந்த நோய் உள்ளவர்களுக்குக் கடும் வலியைக் கிளப்பிவிடும். சிக்கிள் செல் உள்ள அம்மாவுக்குக் கம்பளியும் குடிக்க வெதுவெதுப்பான தண்ணீரும் மருந்துக்குச் சமம். அட்டையில் ரத்த வகையையும் ஹீமோகுளோபினையும் அட்மிஷன் போடும்போதே பார்த்துவிடு, ரத்தம் தேவைப்படும் நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது. அவர்களிடம் குரலை உயர்த்தாதே. யாரிடமும் உயர்த்தக் கூடாதுதான், ஆனால் இவர்கள் ஒரு தடவை திட்டு வாங்கினால் அடுத்த பிரசவத்துக்கு வரவே மாட்டார்கள், காட்டு ஓரத்துக் குடிசையில் என்ன நடந்தது என்பது நமக்கு வாரம் கழித்துத்தான் தெரியும். பிரசவ வலியில் இருக்கிற பெண்ணைத் திட்டுவதும் தொடையில் அடிப்பதும் ஒரு காலத்தில் சாதாரணமாக நடந்தது, இப்போதும் அங்கங்கே நடக்கிறது. அதைப் பார்த்தால் அந்த இடத்துக்கு நீ போய் நின்றுகொள். சீனியரோடு சண்டை போட வேண்டாம், அம்மாவின் கையைப் பிடித்து, 'நான் பார்த்துக்கறேன் சிஸ்டர்' என்று சொல்லிவிட்டால் போதும், பெரும்பாலும் அவர் நகர்ந்துவிடுவார். கூட ஒரு பெண் துணையை உள்ளே விடலாம், நம் அரசு மருத்துவமனைகளில் அது நடைமுறையிலேயே இருக்கிறது, யாராவது தடுத்தால் எடுத்துச் சொல்.

இரண்டாவது, குளிர். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், டிசம்பர், ஜனவரியில் புல்லில் உறைபனி படிகிற ராத்திரிகளில்கூட குழந்தை பிறக்கிறது. லேபர் ரூம் 25 டிகிரிக்குக் குறையக் கூடாது என்கிறார்கள், ஜன்னல் இடுக்கு வழியாகக் காற்று வருகிற ரூமில் அதற்கு நீதான் வழி செய்ய வேண்டும். ஹீட்டரை முன்பே போடு, ஜன்னல் இடுக்கில் துணி அடை, வார்மரைப் பிரசவத்துக்கு அரை மணி முன்பே ஓட விடு, இரண்டு டவலாவது சூடாக இருக்கட்டும். பிறந்தவுடன் ஒரு டவலால் துடைத்து அந்த ஈரத் துணியை உடனே எடுத்துப் போடு, பலர் அதே ஈரத் துணியில் சுற்றிவைத்து விடுகிறார்கள், குழந்தை அதிலேயே குளிர்ந்துபோகும். தலைக்குக் குல்லா, அம்மாவின் நெஞ்சில் தோலோடு தோலாகப் போட்டு மேலே கம்பளி. தொப்புள் கொடியை ஒரு நிமிஷமாவது பொறுத்துக் கட்டு. பிறந்த அன்றே தலைக்கு ஊற்றிவிடலாம் என்று பாட்டிமார் கேட்பார்கள், ஒரு நாள் கழித்து என்று பொறுமையாகச் சொல். தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டுக்குப் போகிறவர்களிடம் குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கொடு, பாதம் சில்லென்று இருந்தால் திரும்ப நெஞ்சோடு போட்டுக்கொள்ள வேண்டும். குளிர்ந்த குழந்தை பால் குடிக்காது, பால் குடிக்காத குழந்தைக்குச் சர்க்கரை இறங்கும், அது தூங்குகிறது என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

வெளிநாடு பற்றி அம்மா சொன்னது பாதி சரி. ஐசியூ அனுபவத்துக்கு எல்லா நாட்டிலும் மதிப்பு உண்டு. லேபர் வார்டு அனுபவம் நாட்டுக்கு நாடு மாறும். வளைகுடா நாடுகளில் லேபர் வார்டு நர்ஸாகவே எடுக்கிறார்கள், தேர்வும் பொதுவாக இரண்டு வருஷ அனுபவமும் கேட்பார்கள். அமெரிக்காவில் என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் தேர்வை எழுதிப் பதிவு பெற்ற நர்ஸ் அந்த வார்டில் வேலை செய்யலாம். பிரிட்டன், அயர்லாந்து, ஜெர்மனியில் பிரசவம் பார்ப்பவர்கள் மிட்வைஃப் என்று தனிப் பதிவு உள்ளவர்கள், நீ நர்ஸாகப் போனால் பொது வார்டில்தான் நிறுத்துவார்கள். இது தெரியாமல் ஜெர்மன் கற்றுப் போய் அங்கே ஏமாந்து நின்றவர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டிலும் 2018-ல் மத்திய அரசு மிட்வைஃபரிக்குத் தனி வழிகாட்டுதல் கொண்டுவந்தது, பதிவு பெற்ற நர்ஸுக்குப் பதினெட்டு மாதப் பயிற்சி. தெலங்கானா அரசு ஐதராபாத்தின் ஃபெர்னாண்டஸ் மருத்துவமனையோடு சேர்ந்து அதை முன்னாலேயே தொடங்கிச் செய்து காட்டியது. சுகப்பிரசவத்தை முழுப் பொறுப்பெடுத்துப் பார்க்கும் நர்ஸ் என்ற நிலை இங்கே வளர்ந்துகொண்டிருக்கிறது. அதற்கும் லேபர் ரூம் அனுபவம் கேட்பார்கள் என்பதால் உன் இரண்டு வருஷம் எந்தப் பக்கம் போனாலும் செல்லும்.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. நின்றே வேலை, குனிந்தே தையல், ராத்திரி டியூட்டி. முதுகையும் காலையும் இப்போதே பார்த்துக்கொள், நல்ல செருப்பு வாங்கு, டியூட்டியில் சாப்பிடாமல் இருக்காதே.

அம்மாவிடம் வாதாடாதே. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு அந்த வார்டு எதற்கு என்பது அவர் காலத்துப் பேச்சு, அவரைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஒரு நாள் சாயங்காலம் கொழுந்து போட்டுவிட்டு வந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, நீ பிறந்த அன்று என்ன நடந்தது என்று கேள். எந்த நேரம் வலி வந்தது, எந்த வண்டியில் போனார், பக்கத்தில் நின்ற நர்ஸ் என்ன சொன்னார் என்று கேள். பெண்கள் இதை மறக்கவே மாட்டார்கள், இருபது முப்பது வருஷம் கழித்தும் அந்த நர்ஸ் போட்டிருந்த ஸ்வெட்டர் நிறத்தைச் சொல்வார்கள். நல்லவராக இருந்திருந்தால் நீ அவர் மாதிரி ஆக நினைக்கிறாய் என்று சொல். மோசமானவராக இருந்திருந்தால், அந்த இடத்தில் இனி நீ நிற்கப் போகிறாய் என்று சொல். சம்பளத்தைப் பற்றியும் மறைக்காமல் பேசு, இரண்டு வருஷக் கணக்கை அப்பாவையும் உட்கார வைத்துப் போட்டுக்காட்டு.

இந்த வாரத்துக்குள் இரண்டு ஆஸ்பத்திரிக்கும் போன் செய். முதலில் பந்தலூர். ராத்திரியில் லேபர் வார்டில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பதை எனக்கு எழுது, நேராகப் பதில் சொல்லாமல் சுற்றி வளைத்தால் அதையும் அப்படியே எழுது.